ராட்னோதியின் வரிகளில் அந்த இடைவெளி இருக்கட்டும்

தமிழில் உலகக் கவிதைகளை வெளியிடும் சிற்றிதழ் ஆசிரியர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும்,

வணக்கம். ஹங்கேரியக் கவிஞர் மிக்லோஷ் ராட்னோதியை (1909–1944) ஆங்கிலம் வழியாகத் தமிழுக்குக் கொண்டுவருகிறவர்கள், அச்சுக்கு அனுப்பும் முன் ஹங்கேரிய மூலத்தையும் பக்கத்தில் விரித்து வையுங்கள். மொழி தெரியாவிட்டாலும் கண்ணுக்குத் தெரிகிற விஷயங்கள் பல உண்டு.

'கட்டாய நடை' கவிதையை அவர் எழுதியது 1944 செப்டம்பரில், செர்பியாவின் 'போர்' என்ற ஊரில், செம்புச் சுரங்கத்தை ஒட்டிய கட்டாய உழைப்பு முகாமில். இருபது வரிகள், ஒவ்வொரு வரியின் நடுவிலும் ஒரு வெற்றிடம். தள்ளாடி நடப்பவனின் நடை அதில்தான் இருக்கிறது. பக்கத்தை 'ஜஸ்டிஃபை' செய்தால் அந்த வெற்றிடம் எல்லாச் சொற்களுக்கும் இடையில் பரவிக் காணாமல் போகும். இணையத்தில் போட்டாலோ, அடுத்தடுத்து அடித்த ஸ்பேஸ்கள் ஒன்றாகச் சுருங்கிவிடும். இடப்பக்கம் ஒட்டி, கோடில்லாத இரண்டு பத்தி அட்டவணையாகப் போடுங்கள்.

அவருடைய முல்லைப்பாடல்கள் (எக்லாக்) பிறந்ததே மொழிபெயர்ப்பில்தான். 1938இல் ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் ஒன்பதாம் எக்லாக்கை ஹங்கேரிய மொழியில் ஆக்கினார். அதே ஆண்டு தம்முடைய முதலாவதை எழுதினார். வர்ஜிலின் அறுசீர் அடி குறில் நெடில் கணக்கில் நடப்பது. ஹங்கேரிய மொழியிலும் அந்தக் கணக்கு உண்டு, நம்மிடமும் உண்டு. ஆங்கிலத்தில் அது அழுத்தக் கணக்காக மாறிவிடும். ஆகவே ஓசைக்கு ஆங்கிலத்தை நம்பாதீர்கள். மூலத்தை யாரையாவது வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஏழாம் எக்லாக்கில், இருட்டில் வரிக்குக் கீழ் வரியாகத் தடவித் தடவி, எழுத்தின் மேற்குறிகளைக்கூட இடாமல் எழுதுவதாகச் சொல்கிறார். பெரும்பாலும் நெடிலைக் காட்டும் குறிகள் அவை. ஆங்கிலத்தின் 'ஆக்சென்ட்' என்ற சொல்லைப் பார்த்து 'அழுத்தம் இல்லாமல்' என்று பெயர்த்தால் பொருள் கெடும். புள்ளியிடாத ஓலை நமக்குப் பழக்கம்தானே. 'குறியிடாமல்' என்றாலே போதும்.

கடைசிக் கவிதை, நான்காவது 'ராஸ்க்லெத்னிட்சா'. படத் தபாலட்டையைக் குறிக்கும் செர்பியச் சொல் அது. ஹங்கேரிய வாசகனுக்கும் அந்நியமானது. தலைப்பை அப்படியே விடுங்கள். சுடப்பட்டவனின் உடல் அருகே தாம் விழுவதைச் சொல்லும் 'பக்கத்தில் விழுந்தேன்' என்பது மூலத்தில் ஒரே சொல். நடுவே ஒரு ஜெர்மன் வாக்கியம் ஜெர்மனிலேயே நிற்கிறது: 'டேர் ஷ்ப்ரிங்ட் நோஹ் அவுஃப்', இவன் இன்னும் துள்ளி எழுவான். சுடுகிறவனின் மொழி அது. தமிழாக்கிவிட்டால் அவனும் கவிஞரின் மொழியையே பேசியதாகிவிடும். ஜெர்மனைத் தமிழ் எழுத்தில் தந்து, பொருளை அடிக்குறிப்பில் கொடுங்கள்.

கவிதைக்கு அடியில் உள்ள தேதியையும் வெட்டாதீர்கள்: 1944 அக்டோபர் 31. அடுத்த சில நாட்களில் ஹங்கேரியின் அப்தா ஊருக்கு அருகே அவரைச் சுட்டுப் புதைத்தார்கள். 1946இல் புதைகுழியைத் தோண்டியபோது, அவர் கோட்டுப் பையில் இருந்த சிறு நோட்டுப் புத்தகத்தில்தான் இந்த வரிகள் கிடைத்தன.