நோன்பு மாதமும் சர்க்கரை மாத்திரையும்

ஆசிரியருக்கு, வணக்கம்.

மேலப்பாளையத்தில் மருந்துக்கடை நடத்துகிறேன். மாத்திரையை நோயாளிகள் ஏன் தவறவிடுகிறார்கள் என்று ஆராய மருந்தியல் மாணவர்கள் ஒரு படிவத்தோடு கடைக்கு வந்தார்கள். மறதியா, விலையா, பக்கவிளைவா என்றெல்லாம் கேள்வி. நோன்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அதுவும் முஸ்லிம்கள் நிறைந்த எங்கள் ஊரில்!

ரமலான் வந்தால் பலர் டாக்டரிடம் கேட்காமலே காலை சர்க்கரை மாத்திரையை, விடியுமுன் சாப்பிடும் சஹர் நேரத்துக்கு மாற்றிக்கொள்கிறார்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பெரிய பயமில்லை. கிளிமிபிரைடு மாத்திரை அப்படியல்ல, பகலெல்லாம் வெறும் வயிறு, சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். அசர் எனும் மாலைத் தொழுகை நேரத்தில் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டினாலும், "நோன்புன்னா அப்படித்தான் தம்பி" என்கிறார் ஒரு பெரியம்மா. விரல் நுனியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் நோன்பு முறிந்துவிடும் என்ற பயம் வேறு. முறியாது என்று நான் சொன்னால் தலையாட்டுவார். மார்க்க அறிஞரான ஆலிம்சா சொன்னால்தான் விரலை நீட்டுவார்.

2015ஆம் ஆண்டு பார்மசி நடைமுறை விதிகளின்படி, நோயாளிக்கு ஆலோசனை சொல்வதும் மருந்தாளுநர் வேலைதான். ரமலானுக்கு முந்தைய ஷஃபான் மாதமே, "நோன்பு வைப்பீங்களா? டாக்டரைப் பார்த்தாச்சா?" என்று கேட்டுவிட்டால் அளவையும் நேரத்தையும் மாற்றி எழுதி வாங்க அவகாசம் இருக்கும். அடுத்த முறை படிவம் தயாரிக்கும் பேராசிரியர்கள் ரமலான் நோன்போடு சனிக்கிழமை விரதத்தையும் சேர்த்துக் கேட்கட்டும்.

மருந்தாளுநர் ஒருவர்,
மேலப்பாளையம், திருநெல்வேலி