தட்டம்மை வேறு, டெட்டனஸ் வேறு

அன்புள்ள சேகர்,

"என் உடம்பு எனக்குச் சொந்தம், அதில் ஊசி குத்த அரசு யார்?" என்று கட்டாயத் தடுப்பூசி வழக்கை ஒரே வரியில் முடித்துவிட்டாய். தனிமனித சுதந்திரமே முதல் என்னும் சுதந்திரவாதிகள் வழுக்கி விழும் இடமே அதுதான். என் உடம்பும் எனக்குச் சொந்தம்தானே, அதற்கு நீ கேடு செய்யலாமா? பிறருக்குத் தீங்கு நேராமல் தடுக்க மட்டுமே ஒருவரைக் கட்டுப்படுத்தலாம் என்று 1859இல் ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் எழுதிய தீங்குக் கோட்பாடு இந்த எல்லையைத்தான் பேசுகிறது.

அதனால் தடுப்பூசி என்று மொத்தமாகப் பேசாதே, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார். டெட்டனஸ் கிருமி காயத்தின் வழியே நுழைவது. ஆளுக்கு ஆள் தொற்றாது. வளர்ந்தவர் ஒருவர் அந்த ஊசியை மறுத்தால் நட்டம் அவருக்கு. அங்கே நான் உன் கட்சி.

தட்டம்மையில் கணக்கே வேறு. யாருக்கும் எதிர்ப்புசக்தி இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குப் பரப்புவார். 15 என்று வைத்துக்கொள். ஒரு நோயாளி ஒருவருக்கு மேல் பரப்பாமல் பரவல் அடங்க, 15இல் 14 பேர், சுமார் 93 சதவீதம், காப்போடு இருக்க வேண்டும். ஒரு டோஸ் காப்பது ஏறக்குறைய 93 சதவீதத்தினரை. ஒருவர் விடாமல் போட்டாலும் விளிம்பில்தான் நிற்போம். இரண்டு டோஸில் அது 97 ஆகிறது. அப்போதும் நூற்றுக்கு 96 பேராவது போட்டாக வேண்டும். மிஞ்சுகிற நாலு இடமும், இந்த ஊசி போட முடியாத கைக்குழந்தைகளுக்கும் புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்குமே போதாது. மறுப்பவர்கள் ஒரே பள்ளியில் குவிந்தால் மாநில சராசரி எதையும் காட்டாது.

"நான் ஒருவன் கூட்டும் ஆபத்து துளிதானே" என்பாய். உன் வாதங்களில் வலுவானது இதுதான். சுதந்திரவாதியான ஜேசன் பிரென்னன் 2018இல் இதற்குப் பதில் எழுதினார்: பலர் சேர்ந்து அடுத்தவர்மேல் ஏற்றும் அநியாய ஆபத்தில் என் பங்கு துளியானாலும் அதில் கைநனைக்கக் கூடாது.

கட்டாயம் என்றால் பிடித்து அழுத்திக் குத்துவது என்று நினைக்காதே. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1905இல் ஜேக்கப்சன் வழக்கில் ஏற்றுக்கொண்டது, பெரியம்மை ஊசியை மறுத்தவருக்கு 5 டாலர் அபராதம், அவ்வளவே. இங்கிலாந்து 1898இல் மனசாட்சி விலக்கே கொடுத்தது. ஆனால் நீதிபதிகளை நம்பவைத்துச் சான்று வாங்க வேண்டும். 1907இல் உறுதிமொழி எழுதிக் கொடுத்தாலே போதும் என்றானது. இந்த விவரம் முக்கியம். விலக்கு வாங்குவது ஊசி போடுவதைவிடச் சுலபமானால் சோம்பலும் மனசாட்சி வேஷம் கட்டும்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்: கட்டாயப்படுத்தும் அரசு, அரிதாக ஊசியால் பாதிக்கப்படுபவருக்கு, யார் தவறு என்று நிரூபிக்கச் சொல்லாமல் ஈடு தர வேண்டும். அமெரிக்கா 1986இல் இதற்குச் சட்டம் போட்டது. பணம் ஊசிமீதான வரியிலிருந்து: ஒரு டோஸ் தடுக்கும் ஒவ்வொரு நோய்க்கும் 75 சென்ட், தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றையும் தடுக்கும் எம்.எம்.ஆர் ஊசிக்கு 2.25 டாலர். இந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் கட்டாயத்தை ஆதரிக்க எனக்கும் கை வராது.

அன்புடன்,
மூர்த்தி