72,000 ரூபாய்க்குள் வாழும் குடும்பம் எது? வேலைவாய்ப்புத் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: ஆணையர், வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை, தமிழ்நாடு
பொருள்: வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகைக்கான குடும்ப ஆண்டு வருமான உச்சவரம்பு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம் என்ற செய்திக்குறிப்பு இந்தக் காலாண்டுக்கும் மாவட்டம் மாவட்டமாக வெளிவந்துவிட்டது. தேதிகள் மாறியிருக்கின்றன, வேறெதுவும் மாறவில்லை. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மிகாமல் இருக்க வேண்டும் என்ற வரி இந்த முறையும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல்.

திட்டத்தின் விதிகளை உங்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. பத்தாம் வகுப்பு தேறாதவருக்கு மாதம் 200, தேறியவருக்கு 300, பன்னிரண்டாம் வகுப்புக்கு 400, பட்டதாரிக்கு 600. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து ஐந்து ஆண்டு முடிந்திருக்க வேண்டும், இடையில் புதுப்பிக்கத் தவறியிருக்கக் கூடாது. வயது 40-க்குள், பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் என்றால் 45-க்குள். அன்றாடம் கல்லூரிக்குப் போய்ப் படிப்பவர் ஆகாது, பொறியியல், மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்பு முடித்தவர்களும் ஆகாது. இத்தனையையும் தாண்டினால் மூன்று ஆண்டுக்குக் கிடைக்கும். பட்டதாரிக்கு மொத்தம் 21,600 ரூபாய். பத்தாவது தேறாதவருக்கு 7,200. இந்தத் தொகைகளை இரட்டிப்பாக்கி இந்த அளவுக்குக் கொண்டுவந்தது 2017 பிப்ரவரியில். அதற்குப் பிறகு விலைவாசி எங்கே போயிருக்கிறது என்பது பற்றி இங்கே பேசப் போவதில்லை. தொகை சிறிது என்று தெரிந்துதான் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். நிற்பவர்களை உள்ளே விடாமல் தடுப்பது எது என்பதுதான் கேள்வி.

ஆண்டுக்கு 72,000 என்றால் மாதம் 6,000. ஒரு நாளைக்கு 197 ரூபாய். இது தனி ஆளின் வருமானம் அல்ல, மொத்தக் குடும்பத்தின் வருமானம். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26-க்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். நூறு நாளும் முழுக் கூலி கிடைத்ததாகவே வைத்துக்கொள்வோம் (களத்தில் அளந்து குறைத்துக் கொடுப்பது வேறு கதை). 33,600 ரூபாய் அதிலேயே வந்துவிடும். மிச்சம் 265 நாளுக்கு அந்தக் குடும்பம் சம்பாதிக்க அனுமதி உள்ள தொகை 38,400, அதாவது நாளுக்கு 145 ரூபாய். அப்பா கட்டட வேலைக்கோ லோடு இறக்கவோ வாரத்தில் மூன்று நாள் போனால்கூட அந்தக் கணக்கு உடைந்துவிடும். மகன் ஏழை இல்லை என்று ஆகிவிடுவான்.

அப்படியானால் இப்போது இந்த உதவித்தொகை வாங்குகிற குடும்பங்கள் எப்படி வாங்குகின்றன? உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும், கையெழுத்துப் போடுகிற வருவாய்த் துறைக்கும் தெரியும். படிவத்தின் வருமானப் பகுதியில் 72,000 அல்லது அதைவிடச் சற்றுக் குறைவாக ஒரு தொகை எழுதப்படுகிறது. அதன் கீழே முத்திரை விழுகிறது. பொய் என்று அறிந்தே எழுதப்படும் எண்ணை மெய் என்று நம்புவதாகக் காட்டிக்கொள்வதில்தான் இந்தத் திட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதில் மாட்டிக்கொள்வது உண்மை எழுதியவன். அது நடக்கும் விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல அனுமதியுங்கள். வீட்டில் தங்கை கல்லூரியில் படிக்கிறாள். அவளுடைய கல்வி உதவித்தொகைக்கு வருமானச் சான்று வேண்டும். அங்கே உச்சவரம்பு இரண்டரை லட்சம் என்பதால் மறைக்க எதுவும் இல்லை. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கிறார்கள். கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து, வருவாய் ஆய்வாளர் பரிந்துரைத்து, வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து சான்று வருகிறது. அதில் ஆண்டு வருமானம் 96,000 என்று இருக்கிறது. நியாயமான எண், உண்மைக்கு அருகில் உள்ள எண். சில மாதம் கழித்து அண்ணன் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகைப் படிவத்தை எடுத்துக்கொண்டு அதே அலுவலகத்துக்குப் போகிறான். அதே குடும்ப அட்டை, அதே அப்பா. இணையத்தில் பழைய சான்று இருக்கிறது. 72,000-க்குள் எழுதிக் கையெழுத்திட அலுவலர் மறுக்கிறார். மறுப்பதில் தவறும் இல்லை. இரண்டு காகிதத்தில் இரண்டு வருமானம் இருந்தால் நாளை பதில் சொல்ல வேண்டியது அவர்தான். அண்ணன் திரும்பி வருகிறான். தங்கைக்காக உண்மையைச் சொன்ன குடும்பம் அண்ணனுக்கான பணத்தை இழக்கிறது.

விவரம் தெரிந்தவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தங்கைக்குச் சான்று வாங்கும்போதே 72,000-க்குள் எழுதச் சொல்லிவிடு என்கிறார்கள். இந்தத் திட்டத்தைப் பயன்படுத்த விரும்பும் குடும்பத்துக்கு நாம் கற்றுக்கொடுக்கும் முதல் பாடம் இது. வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு முதன்முதலாக வரும் ஓர் இளைஞனுக்கு அரசு அலுவலகம் எப்படி இயங்கும் என்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது. உங்கள் துறையின் பெயரிலும் பயிற்சி என்ற சொல் இருக்கிறது!

பொய் ஒரு தடவையோடு முடிவதும் இல்லை. உதவித்தொகை தொடங்கிய பிறகு ஆண்டுதோறும் சுய உறுதிமொழி ஆவணம் கொடுக்க வேண்டும். வேலையில் இல்லை, வருமானம் வரம்பைத் தாண்டவில்லை என்று சொந்தக் கையால் எழுதித்தர வேண்டும். கொடுக்காவிட்டால் அடுத்த காலாண்டுப் பணம் நிற்கும். முதல் தடவையாவது அலுவலர் கையெழுத்தின் நிழலில் ஒதுங்கலாம். அடுத்த ஆண்டு முதல் பயனாளி தானே சத்தியம் செய்ய வேண்டும். அச்சப்பட்டு ஆவணம் கொடுக்காமல் விட்டு, இரண்டாம் ஆண்டோடு நின்றுபோகிறவர்களும் இருக்கிறார்கள். துறையின் பதிவேட்டில் அவர்கள் ஆவணம் தராதவர்கள். உண்மையில் அவர்கள் பொய்க் கையெழுத்துப் போட மனம் வராதவர்கள்.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. வருமான உச்சவரம்பை 72,000-லிருந்து இரண்டரை லட்சமாக உயர்த்தி அரசாணை பெற, உங்கள் துறையிலிருந்து முன்மொழிவு அனுப்புங்கள்.

இரண்டரை லட்சம் என்பது நாங்கள் கண்டுபிடித்த எண் அல்ல. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு 2023-இல் தமிழ்நாடு அரசு வைத்த வரம்பு அது. அதற்கு வருமானச் சான்று இணைக்கவும் தேவையில்லை என்றார்கள். நிலம், மின்கட்டணம், வாகனம் என்று அரசின் கையிலேயே இருக்கும் தரவுகளைக் கொண்டு சரிபார்த்தார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கும் முன்பு இதே 72,000-தான் வரம்பு. 2022-இல் அதை 1,20,000 ஆக உயர்த்தினார்கள். சுகாதாரத் துறைக்குப் புரிந்தது, சமூக நலத் திட்டங்களை வகுப்பவர்களுக்குப் புரிந்தது. இன்று ஒரே வீட்டில் அம்மா உரிமைத் தொகை பெறத் தகுதியான ஏழை, அப்பா காப்பீட்டு அட்டைக்குத் தகுதியான ஏழை, மகன் மட்டும் வசதியானவன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் அலுவலகங்கள்தான் மாதந்தோறும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம் நடத்துகின்றன. நல்ல பணி, குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே தம்பிக்கு மாதம் 10,000 ரூபாயில் ஒரு வேலை கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,20,000. ஒரு அறையில் நீங்கள் வாங்கிக்கொடுத்த வேலை, பக்கத்து அறையில் அண்ணனின் உதவித்தொகையை வெட்டுகிறது. முகாம் வாசலில் ஓர் எச்சரிக்கைப் பலகை வைத்துவிடலாமா: இங்கே வேலை பெறுவோரின் உடன்பிறப்புகள் உதவித்தொகையை மறந்துவிடவும் என்று?

மன்னிக்கவும், கேலி செய்யும் நோக்கம் இல்லை. வரம்பைத் தளர்த்துவது உங்கள் துறைக்குப் புதிதும் அல்ல. மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகையில் வருமான உச்சவரம்பே கிடையாது. பதிவு செய்து ஓராண்டு முடிந்தால் போதும், பத்தாண்டு வரை கிடைக்கும், தொகையும் 600, 750, 1,000 என்று சற்றே கூடுதல். வருமானத்தைப் பார்க்காமல் கொடுத்ததால் அங்கே வானம் இடிந்து விழவில்லை.

பணம் வந்து சேர்வதில் உள்ள சிக்கலையும் இதோடு சேர்த்துக் குறிப்பிட்டுவிடுகிறோம். உதவித்தொகை காலாண்டுக்கு ஒருமுறை வங்கிக் கணக்குக்குப் போகிறது. விண்ணப்பத்தோடு கொடுத்த பாஸ்புத்தக நகலில் உள்ள, வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி எண்ணைத்தான் அலுவலகம் வைத்திருக்கும். 2019, 2020-இல் வங்கிகள் இணைக்கப்பட்டதைத் தொடர்ந்து விஜயா, சிண்டிகேட், அலகாபாத், ஆந்திரா, கார்ப்பரேஷன் வங்கிக் கிளைகளின் எண்கள் மாறின. பழைய பாஸ்புத்தகத்தின் நகலை இன்றும் இணைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. அலுவலகத்தில் வாங்குபவரும் பார்ப்பதில்லை. பணம் போய் மோதித் திரும்பும். கேஒய்சி எனும் அடையாள விவரங்களைப் புதுப்பிக்காமல் முடக்கப்பட்ட கணக்கிலும் இதே நிலைதான். திரும்பிய தகவல் பயனாளிக்கு வருவதில்லை. அடுத்த காலாண்டும் வராதபோதுதான் அவர் மாவட்டத் தலைநகருக்குப் பஸ் ஏறுகிறார். பத்தாவது தேறாத பிள்ளைக்கு ஒரு காலாண்டுத் தொகை 600 ரூபாய். எல்லையோர ஊர்களிலிருந்து இரண்டு முறை போய்வந்தால் அதில் பாதி கரைந்துவிடும். பதிவு செய்யும்போது வாங்கிய கைப்பேசி எண் உங்கள் இணையதளத்தில் இருக்கிறது. பணம் திரும்பியது, கணக்கைச் சரிசெய்து நகல் கொடுங்கள் என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்புவதற்கு அரசாணை எதுவும் தேவைப்படாது என்று நினைக்கிறோம்.

ஆனால் பணம் திரும்புவதைச் சரிசெய்து என்ன பயன், வாசலிலேயே தடுக்கப்பட்டவனுக்கு? எனவே மறுபடியும் 72,000-க்கே வருகிறோம். அதை உயர்த்தினால் கூட்டம் பெருகும், நிதி போதாது என்று நிதித்துறை சொல்லக்கூடும். சொல்லட்டும், அது நேர்மையான பேச்சாகவாவது இருக்கும். நிதி இவ்வளவுதான், ஆகவே முதலில் பதிந்தவருக்கு முதலில் என்ற பதிவு மூப்புப்படி இத்தனை பேருக்கு என்று அறிவித்தால் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். அரசு வேலைக்கே பதிவு மூப்பைப் பார்த்துக் காத்திருந்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். யாருமே உண்மையை எழுதி உள்ளே வர முடியாத ஒரு வரம்பை வைத்துவிட்டு, பொய் எழுதத் துணிந்தவருக்கு மட்டும் கதவைத் திறப்பது நிதி மேலாண்மை ஆகாது.

அரசாணை பிறப்பிப்பது கோட்டையின் வேலை என்பதை அறிவோம். கோப்பு புறப்பட வேண்டிய இடம் உங்கள் மேசை. உச்சவரம்பை இரண்டரை லட்சமாக்கக் கேட்டு முன்மொழிவு அனுப்புங்கள். அது முடிவாகும் வரை, பிற திட்டங்களுக்காக வட்டாட்சியர் அலுவலகம் ஏற்கெனவே வழங்கிய சான்றில் அதிக வருமானம் இருக்கிறது என்பதற்காக நிராகரிக்கப்படும் விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பாமல், பதிவு மூப்பு கெடாதபடி நிலுவையில் வைக்க மாவட்ட அலுவலகங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். 40 வயது வரம்பை நெருங்குகிறவர்களுக்கு ஒவ்வொரு காலாண்டும் கணக்கு. இந்த ஆண்டு வெளியே நிறுத்தப்பட்டவர் அடுத்த ஆண்டு வயதாலும் தகுதி இழந்துவிடுவார்.

அடுத்த காலாண்டுச் செய்திக்குறிப்பு அச்சுக்குப் போவதற்கு முன் இது குறித்து எடுத்த முடிவை, அது மறுப்பாகவே இருந்தாலும், காரணத்தோடு வெளியிடும்படிப் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உதவித்தொகைப் படிவங்களை நிரப்பிக் கொடுப்போர் சிலர்

நகல்: செயலாளர், தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறை, தலைமைச் செயலகம், சென்னை