பூத்த ஹஸ்காப் காய்க்காதது ஏன்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

முந்தின ஆண்டு எங்களிடம் ஹஸ்காப் என்ற நீலப் பழச்செடியின் கன்று வாங்கியவர்களில் பலர் சென்ற யூன் மாதம் ஒரே முறைப்பாட்டுடன் கடைக்கு வந்தீர்கள். செடி செழிப்பாக நிற்கிறது, பூவும் பூத்தது, பழத்தை மட்டும் காணவில்லை. பிழை உங்களுடையதல்ல, எங்களுடையது. அதைச் சொல்லவே இந்த மடல்.

ஹஸ்காப் தன் மகரந்தத்தைக் கொண்டு தானே காய்க்காது. பக்கத்தில் வேறொரு இரகம் வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியும். அதனால்தான் ‘டண்ட்ரா’, ‘பொரியாலிஸ்’ என்ற இரண்டையும் சோடியாக விற்றோம். அந்த இரண்டும் நெருங்கிய இரத்த உறவு என்பதை மட்டும் கவனிக்காமல் விட்டோம். இரண்டுமே கனடாவின் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகம் 2007இல் வெளியிட்ட இரகங்கள். நம் ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை: அண்ணன் தங்கை முறை, சம்பந்தம் செய்ய முடியாது. இவற்றுக்கு மச்சான் முறையில் நிற்பது ‘அவுரோரா’. அதே காலத்தில் பூக்கும், உறவும் தூரம். எங்களிடம் அந்தச் சோடியை வாங்கியவர்கள் ஏப்ரல் கடைசியில் வாருங்கள், ஓர் அவுரோரா கன்று இலவசமாகத் தருகிறோம். பற்றுச்சீட்டு தொலைந்திருந்தாலும் பரவாயில்லை. வேலிக்கு அப்பால் அயலவர் வளவில் அவுரோரா நின்றாலும் போதும், தேனீக்கு வேலி தெரியாது.

புதிதாக வாங்குபவர்களுக்கு இனி ஒற்றைக் கன்று விற்கப்போவதில்லை. டண்ட்ராவுடன் அவுரோரா, அல்லது பிந்திப் பூக்கும் ‘பொரியல் பியூட்டி’யுடன் ‘பொரியல் பீஸ்ட்’. இந்த இரண்டு சோடிகளையும் மாற்றிக் கலக்க வேண்டாம், பூக்கும் காலம் ஒத்துவராது.

ஹஸ்காப் என்பது ஹனிசக்கிள் குடும்பத்துப் புதர். யப்பானின் ஹொக்கைடோத் தீவில் வாழும் ஐனு பழங்குடி மக்கள் வைத்த பெயர்தான் இன்று இங்கும் வழங்குகிறது. பூக்கள் இரண்டிரண்டாகத் தொங்கும். ஒரு சோடிப் பூவுக்கு ஒரே ஒரு பழம், நீளமாக, நீலமாக, வெண்பூச்சுடன். ஒன்றைக் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்ராறியோவின் காட்டோரங்களில் செக்கச்சிவந்த பழத்துடன் நிற்கும் ஹனிசக்கிள் புதர்கள் வேறு இனம். அவற்றின் பழத்தை உண்ணக்கூடாது. பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

குளிரைப் பற்றிக் கவலை வேண்டாம். செடி உறைநிலைக்குக் கீழே 40 பாகை வரை தாங்கும், விரிந்த பூகூட உறைநிலைக்குக் கீழே 7 பாகை செல்சியஸ் உறைபனியைத் தாங்கிவிடும். சென்ற மாரியில் ஒரு வாடிக்கையாளர் கறிவேப்பிலைச் சாடியோடு சேர்த்து ஹஸ்காப் சாடியையும் வரவேற்பறைக்குள் எடுத்து வைத்துவிட்டார். பாசம்தான். ஆனால் இந்தச் செடிக்குக் குளிர்கால உறக்கம் இல்லாவிட்டால் பூவே வராது. வெளியிலேயே விடுங்கள். ஊருக்குக் கொண்டுபோய் வளர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில்.

புளூபெரிக்குப் புளிப்பு மண் வேண்டும். ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் நம் களிமண் வளவுகளில் அதை வைத்துக் கைசுட்டவர்கள் அநேகர். ஹஸ்காப் அப்படி அடம் பிடிப்பதில்லை, தண்ணீர் தேங்காமல் இருந்தால் போதும். நல்ல வெயில் படும் இடமாக, பிற்பகலில் கொஞ்சம் நிழல் கிடைத்தால் இன்னும் நன்று. சாடியில் இருந்த மட்டத்தைவிட இரண்டு மூன்று அங்குலம் ஆழமாக நடுங்கள். கன்றுக்குக் கன்று நான்கு அல்லது ஐந்து அடி விடுங்கள். வேர் மேலோடியது, அதனால் மண்வெட்டியால் களை கொத்தாமல் மரச்சீவல் பரப்பி விடுங்கள். முதல் இரண்டு கோடையும் தண்ணீர் தவறக்கூடாது. வசந்தத்தில் ஒரு கை கூட்டெரு போதும். முதல் சில ஆண்டுகளுக்குக் கத்தரிக்கோலைத் தொடவே வேண்டாம்.

யூலை, ஓகஸ்டில் இலை பழுப்பாகிக் கருகியதுபோல் தெரியும், தண்டின் பட்டையும் உரியும். செடி செத்துவிட்டது என்று பிடுங்கி எறிந்தவர்கள் இருக்கிறார்கள்! அது இந்தச் செடியின் இயல்பு. பழ வேலை முடிந்தால் சீக்கிரமே உறங்கப் போய்விடும்.

இனிப் பழம். தோல் நீலமானதும் பறிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அப்போது வாயில் வைத்தால் முகம் கோணும். இன்னும் இரண்டு வாரம் பொறுத்து, ஒன்றைப் பிய்த்துப் பாருங்கள். உள்ளே பச்சை இல்லாமல் கருஞ்சிவப்பாக இருந்தால் பழுத்துவிட்டது. இங்கே டண்ட்ரா போன்ற முந்திய இரகங்களுக்கு அது யூன் பிற்பகுதியில் வரும். புளிப்பும் இனிப்பும் கலந்து, நாவல்பழம் தின்றதுபோல் நாக்கு நிறம் மாறும், சட்டையில் பட்டால் கறை போகாது. ஜாமுக்கு இதை மிஞ்சிய பழத்தை நான் கண்டதில்லை.

ஆனால் நீங்கள் பொறுத்திருக்கும் அந்த இரண்டு வாரத்தில் குருவிகள் பொறுத்திருக்கா. நீலம் தெரிந்த அன்றே வலை போடுங்கள். வலையின் விளிம்பைக் கல் வைத்து நிலத்தோடு அழுத்துங்கள், இல்லாவிட்டால் கீழால் நுழைந்துவிடும். வலை கடையில் இருக்கிறது, கன்றோடு சேர்த்தே வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தோட்டக்கடையினர்