காரில் கடந்துபோனவருக்குத் தெரியாத அயோவா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அமெரிக்கப் பயணத் தொடரைப் படித்தேன். சிகாகோவிலிருந்து டென்வருக்குக் காரில் போன கட்டுரையாளர், வழியில் வரும் அயோவா மாநிலத்தை ஒரே வரியில் முடித்துவிட்டார். மக்காச்சோளமும் பன்றிப் பண்ணையும் தவிர ஒன்றுமில்லை, இந்தச் சிற்றூர்களில் மனிதர்கள் எப்படித்தான் காலம் தள்ளுகிறார்களோ என்று இரக்கப்பட்டிருக்கிறார். அப்படி ஓர் ஊரில்தான் நான் குடும்பம் நடத்துகிறேன். அவருடைய இரக்கம் எனக்கு வேண்டாம்.

பன்றிகள் இருப்பது உண்மைதான். சுமார் 32 லட்சம் மக்கள் வாழும் மாநிலத்தில் பன்றிகள் 2 கோடிக்கு மேல். பண்ணைப் பக்கமிருந்து காற்று அடிக்கும் நாளில் ஜன்னலைத் திறக்க முடியாது. ஆனால் இங்கே வாழ்வதில் நல்லது எது, கெட்டது எது என்று காரை நிறுத்தி ஒருவரையாவது கேட்டிருக்கலாமே.

என் கணவர் மருத்துவர். பயிற்சிக்காக வந்த வெளிநாட்டு மருத்துவர்களில் பலர், பயிற்சி முடிந்ததும் 2 ஆண்டு சொந்த நாட்டுக்குத் திரும்பியாக வேண்டும். டாக்டர் கிடைக்காத ஊரில் 3 ஆண்டு வேலை செய்தால் விலக்கு உண்டு, மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 பேர் வரை. அப்படி வந்தவர்கள்தான் நாங்கள். கெடு முடிந்ததும் மூட்டை கட்டிவிடுங்கள் என்று டல்லாஸ் சொந்தக்காரர்கள் சொன்னார்கள். நாங்கள் போகவில்லை. காரணம், பக்கத்து வீட்டுப் பெரியவர் மாதிரியான மனிதர்கள். பனி கொட்டிய காலைகளில், இவர் டியூட்டிக்குக் கிளம்பும் முன்பே எங்கள் வாசலில் அவருடைய பனி அள்ளும் இயந்திரம் ஓடும். முடித்ததும் கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவார், காபிக்குக்கூட உள்ளே வரமாட்டார். ஊரில் மாமனார் தவறிய செய்தி வந்த அன்று, நாங்கள் கறி சாப்பிடமாட்டோம் என்று யாரிடமோ விசாரித்துக்கொண்டு, அவர் மனைவி சீஸ் போட்ட மக்கரோனியைப் பெரிய தட்டில் சுடச்சுடக் கொண்டுவந்தார்.

சரி, கெட்டதையும் சொல்கிறேன். என் மூத்தவன் இந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்தான். இளையவள் வயிற்றில் இருக்கும்போது பிரசவப் பிரிவை மூடிவிட்டார்கள். பிறப்பு குறைவு, நர்ஸுகளை இரவு பகலாக வைத்திருக்க வேண்டும், ஏழைகளுக்கான அரசுக் காப்பீடு தரும் பணம் செலவுக்குக் காணாது என்றார்கள். டாக்டரின் மனைவியான நானே வலியோடு, சாலைக் கோடு தெரியாத பனிக்காற்றில், ஒரு மணி நேரத்துக்கு மேல் காரில் போய்த்தான் பிள்ளை பெற்றேன். கார் இல்லாத பெண்கள் என்ன செய்வார்கள்? பஸ்ஸும் கிடையாது.

அப்புறம் தண்ணீர். வயலில் போடும் உரமும் பன்றிச் சாணமும் நைட்ரேட்டாகி, வயல் நீரை வடிக்கும் நிலத்தடிக் குழாய்கள் வழியே ஆற்றில் சேர்கின்றன. ஊரிலிருந்து வந்த மாமியார் நம் வழக்கப்படி தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குழந்தையின் பால்பவுடரைக் கலந்தார். கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்திதான் கூடும் என்று செவிலியர் சொன்னபோது மாமியார் முகத்தைப் பார்க்க முடியவில்லை. லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் போனால் கைக்குழந்தைக்கு ஆபத்து.

இந்தத் தண்ணீருக்காக 2015-இல் மாநிலத் தலைநகரான டிமாயினின் குடிநீர் நிறுவனம், அந்த வடிகால்களை நிர்வகிக்கும் மூன்று மாவட்டங்கள் மீது வழக்குப் போட்டது. அந்த மாவட்டங்களின் வழக்குச் செலவுக்கு விவசாயக் கம்பெனிகளின் பணம் பின்னால் இருப்பதை விடாமல் எழுதிய 'ஸ்டார்ம் லேக் டைம்ஸ்', அப்போது சுமார் 3,000 பிரதிகள் விற்ற சிற்றூர்ப் பத்திரிகை. அந்தத் தலையங்கங்களுக்கு 2017-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. பத்திரிகைக்காரரான தங்களுக்கு இது தெரியாமல் இருக்காது. ஒன்றுமில்லாத ஊரிலிருந்தா அது வந்தது?

உலக உணவுப் பரிசை உருவாக்கிய பசுமைப் புரட்சி விஞ்ஞானி நார்மன் போர்லாக் அயோவாவின் கிரெஸ்கோ பக்கத்துப் பண்ணையில் பிறந்தவர். 1987-இல் அதை முதலில் பெற்றவர் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன். அதுகூட அந்தக் கட்டுரையில் வரக் காணோம்.

தங்கள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. 'கடல் கடந்த தமிழர்' பக்கத்தில் எப்போதும் நியூஜெர்சி, டல்லாஸ், கலிஃபோர்னியா பொங்கல் படங்கள்தான். 2020 ஆகஸ்ட் 10 புயலில் அயோவாவின் பயிர் பாய் விரித்தமாதிரி சாய்ந்தது, சீடர் ராப்பிட்ஸில் சிநேகிதி வீட்டுக் கூரை போனது. அப்போது எழுதி அனுப்பினேன். இரண்டு வரிப் பதில்கூட வரவில்லை. மேட்ரிட் என்ற சிற்றூரில் இருக்கும் இந்துக் கோயிலைப் பற்றியும் எழுதினேன். அதற்கும் அப்படித்தான்.

மறுப்பு, வருத்தம் எதுவும் வெளியிட வேண்டாம். கட்டுரையோடு வந்த படத்தின் கீழ் 'ஓஹையோ' என்று அச்சாகியிருக்கிறது. அது அயோவா. என் சந்தா உறையிலும் வெகுநாளாக ஓஹையோ என்றே வருகிறது, தபால் எண் சரியாக இருப்பதால் இதழ் வந்து சேர்கிறது. இரண்டையும் திருத்தினால் போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
வடமேற்கு அயோவா