தொப்பி தந்த அம்மாவுக்கு நன்றி

சென்ற மாதம் அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேலில், அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் 1937இல் கட்டத் தொடங்கிய டாலியசின் வெஸ்ட் வீட்டுக்கு அப்பாவை அழைத்துப்போனேன். நாற்பது வருடம் கொத்தனார் வேலை பார்த்தவர் அவர். காலை பத்து மணிக்கே வெயில் சுட்டெரித்தது. முற்றத்தில் அப்பாவுக்குத் தலை சுற்றியதும், குழுவில் வந்த ஒரு வயதான அம்மா தன் தொப்பியைக் கழற்றி அவர் தலையில் வைத்தார். தண்ணீரும் கொடுத்தார். குழு நகர்ந்த பிறகும் எங்களோடு நிழலிலேயே உட்கார்ந்திருந்தார்.

அதோடு விடவில்லை. அப்பா சுவரையே பார்ப்பதைக் கவனித்து, அது எப்படி எழுந்தது என்று கையாலேயே காட்டினார்: மரப்பலகை அடைத்து, பாலைவனக் கல்லின் தட்டை முகம் வெளியே தெரியும்படி அடுக்கி, இடையில் கான்கிரீட் ஊற்றுவது. வேலை செய்தவர்கள் ரைட்டிடம் படிக்க வந்த மாணவர்கள். கூரைக்கு முதலில் கித்தான் துணிதான். நான் மொழிபெயர்க்கும் முன்பே அப்பாவுக்குப் புரிந்துவிட்டது! இருவரும் கை அசைவிலேயே பேசிக்கொண்டார்கள்.

பிறகு ஒரு ஜன்னலைக் காட்டினார். கண்ணாடி பொருத்தும்போது வழியில் ஒரு ஜாடி இருந்ததாம். ஜாடியை நகர்த்தாமல், அதன் வடிவத்துக்குக் கண்ணாடியை வெட்டச் சொல்லியிருக்கிறார் ரைட். அப்பா அதன் முன்னால் வெகுநேரம் நின்றார்.

பெயர் கேட்க மறந்துவிட்டேன் அம்மா. தொப்பியையும் திருப்பி வாங்க மறுத்துவிட்டீர்கள். அப்பா இப்போது தினமும் அதைப் போட்டுக்கொண்டுதான் நடக்கப் போகிறார். மனமார்ந்த நன்றி.