வரப்பு போட்டாயிற்று, இனி அளந்து பார்க்க வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

வரப்பு போட, குட்டை வெட்ட, கன்று நட என்று எங்கள் குழு கேட்டபோதெல்லாம் நீங்கள் கொடுத்திருக்கிறீர்கள். இந்த முறை புதிதாக எதையும் கட்டுவதற்காகக் கேட்கவில்லை. மானாவாரி நிலங்களில் ஊர்மக்களே சேர்ந்து செய்த வேலை நின்றிருக்கிறதா, மண் தேறியிருக்கிறதா, மழை பொய்த்தால் குடும்பங்கள் தாங்குமா என்பதை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அளந்து பார்க்கக் கேட்கிறோம்.

இதற்கு நன்கொடை திரட்டுவது கடினம் என்று எங்களுக்குத் தெரியும். குட்டை வெட்டினால் கண்ணுக்குத் தெரியும். கிணற்றுக்குள் டேப்பை இறக்கி, ஈரம் பட்ட இடத்தைப் பார்த்து நோட்டில் எழுதும் எண் யார் கண்ணிலும் படாது. ஆனால் அந்த எண் இல்லாததால் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும்.

முன்பு ஒருமுறை, முடிந்த வேலையை மதிப்பிட வெளியிலிருந்து ஒரு குழு வந்தது. நல்ல மழை பெய்த ஆண்டு. ஒரே பிற்பகலில் வரப்புகளைப் பார்த்தார்கள், நிறைந்திருந்த தடுப்பணையைப் பார்த்தார்கள், நாலைந்து பேரிடம் பேசினார்கள். ‘திட்டம் வெற்றி’ என்று அறிக்கை வந்தது. அடுத்த ஆண்டு மழை குறைந்தது. கோடை தொடங்குமுன்பே பாதிக் கிணறுகள் வற்றின. மேட்டுப் பக்கத்துக் கிணறுகள் ஏன் வற்றின, ஓடைக்கரைக் கிணறுகள் ஏன் வற்றவில்லை என்று எங்களால் யாருக்கும் பதில் சொல்ல முடியவில்லை. வேலை தொடங்குமுன் எந்தக் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று எழுதி வைத்த ஒரு தாள்கூட எங்களிடம் இல்லை. அது எங்கள் தவறு. அதைத் திருத்தத்தான் இந்த முயற்சி.

உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 40 சதவீதம் வறள்நிலம். பெய்கிற மழையைவிட வெயிலும் காற்றும் உறிஞ்சக்கூடிய அளவு மிக அதிகமாக இருக்கும் பூமி அது. 200 கோடிக்கும் மேற்பட்டவர்கள் அங்கே வாழ்கிறார்கள். ஆண்டு மொத்த மழை ஏமாற்றாவிட்டாலும், அது நாலைந்து நாளில் கொட்டித் தீர்த்துவிட்டு நடுவில் மூன்று வாரம் காய்ந்தால் பயிர் போச்சு. காலநிலை மாற்றத்தால் இந்த ஏற்றத்தாழ்வு கூடிக்கொண்டே போகிறது. அதனால்தான் விழுகிற மழையை விழுந்த இடத்திலேயே நிறுத்தும் வேலைக்கு இத்தனை மதிப்பு. ஒரு ஹெக்டேரில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2 லட்சம் லிட்டர் தண்ணீர். அதில் எவ்வளவு மண்ணுக்குள் இறங்கியது, எவ்வளவு மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஓடிப்போனது என்பதில்தான் ஒரு குடும்பத்தின் ஆண்டு முழுவதும் அடங்கியிருக்கிறது.

அளந்து பார்ப்பதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள நைஜர் நாட்டின் கதை. அங்கே தெற்குப் பகுதி விவசாயிகள் 1980களில் பெரிதாக எதையும் நடவில்லை. முன்பு வெட்டிய மரங்களின் அடிக்கட்டையும் வேரும் மண்ணுக்கடியில் உயிரோடுதான் இருந்தன. உழும்போது அந்தத் துளிர்களை வெட்டி எறியாமல், நல்ல தண்டு இரண்டு மூன்றை விட்டு மற்றதைக் கழித்து வளர்த்தார்கள். மராடி பகுதியில் 1983 வாக்கில் டோனி ரினாடோ என்பவர் விவசாயிகளோடு சேர்ந்து இதைத் தொடங்கினார். பிறகு ஒருவர் வயலைப் பார்த்து இன்னொருவர் என்று தானாகவே பரவியது. ஏறத்தாழ 50 லட்சம் ஹெக்டேர், 20 கோடி மரங்கள் என்று பின்னாளில் கணக்கிட்டார்கள்.

அந்தப் ‘பின்னாளில்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சுமார் 20 ஆண்டுகள் இவ்வளவு பெரிய மாற்றம் நடந்துகொண்டிருந்தும் வெளியுலகம் அதைச் சரியாக அறியவில்லை. 1970களின் வான்படங்களையும் 2000களின் செயற்கைக்கோள் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அளவு புரிந்தது. உடனே அடுத்த கேள்வி வந்தது. 1984க்குப் பிறகு அந்தப் பகுதியில் மழை கொஞ்சம் கூடியதே, பச்சை அதனால் வந்ததாக இருக்கக்கூடாதா? எல்லைக்குத் தெற்கே, அண்டை நாடான நைஜீரியப் பக்கத்திலும் மழைக்குக் குறைவில்லை, ஆனால் வயல்களில் அந்த அளவுக்கு மரம் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு நிலம் இருந்ததால்தான், விவசாயிகளின் கைக்கு அதில் பங்குண்டு என்று சொல்ல முடிந்தது.

கென்யாவில் மச்சாகோஸ் மலைப்பகுதியிலும் இப்படித்தான். 1937இல் எடுத்த படங்களில் அந்தச் சரிவுகள் அரித்துப்போய்க் கிடக்கின்றன. அதே இடங்களில் நின்று 1991இல் மறுபடி படம் எடுத்தார்கள். மக்கள்தொகை பலமடங்கு பெருகியிருந்தது, ஆனால் சரிவுகள் படிப்படியாக வரப்பு கட்டிய வயல்களாக மாறியிருந்தன. பழைய படம் யாரோ ஒருவர் பெட்டியில் இல்லாமல் போயிருந்தால் இதை வாய்ச்சொல்லாகத்தான் கேட்டிருப்போம்.

எதை எண்ணுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். சஹாரா பாலைவனத்தின் தெற்கு ஓரத்து ஆப்பிரிக்க நாடுகள் சேர்ந்து நடத்தும் ‘பெரும் பசுமைச் சுவர்’ திட்டம் 2007இல் தொடங்கியது. 2030க்குள் 10 கோடி ஹெக்டேர் நிலத்தை மீட்பது அதன் இலக்கு. 2020இல் வெளியான மதிப்பீட்டில், திட்டத்துக்கென வரையறுத்த பகுதிக்குள் மட்டும் பார்த்தால் மீண்டது சுமார் 40 லட்சம் ஹெக்டேர். அந்த நாடுகளில் நடந்த எல்லா மீட்பு வேலையையும் சேர்த்தால் சுமார் 1.8 கோடி ஹெக்டேர். இரண்டு எண்ணும் பொய்யல்ல. ஆனால் எந்த எண்ணை எதற்காகச் சொல்கிறோம் என்று தெளிவாகச் சொல்லாவிட்டால் கேட்பவர் ஏமாந்துபோவார். எங்கள் கணக்கில் அது நடக்கக்கூடாது.

சரி, நாங்கள் என்ன செய்யப்போகிறோம்?

வேலை நடந்த கிராமங்களோடு, அதே மாதிரி மண்ணும் மழையும் உள்ள, ஆனால் வேலை நடக்காத சில கிராமங்களையும் சேர்த்துக்கொள்கிறோம். அவர்களும் சம்மதித்திருக்கிறார்கள். மூன்றாம் ஆண்டு முடிவில் அவர்கள் நிலத்திலும் வேலை தொடங்க வேண்டும் என்பது எங்களுக்குள் பேசிக்கொண்டது. எல்லாக் கிராமத்திலும் மழைமானி இருக்கும், தினமும் காலையில் பார்த்து எழுதப்படும். தேர்ந்தெடுத்த கிணறுகளில் 15 நாளுக்கு ஒருமுறை நீர்மட்டம் அளக்கப்படும்.

இது படித்தவர்களால் மட்டும் ஆகிற காரியம் என்று நினைக்க வேண்டாம். பிரிக்கப்படாத ஆந்திரத்தின் ஏழு வறட்சி மாவட்டங்களில் 2000களில் விவசாயிகளே இதைச் செய்தார்கள். மழையை அளந்தார்கள், கிணற்றை அளந்தார்கள், ஊர்ப் பொதுச்சுவரில் எழுதினார்கள். மழைக்காலம் முடிந்ததும் கூடி உட்கார்ந்து, நிலத்தடியில் இவ்வளவு இருக்கிறது, எல்லோரும் நினைத்த பயிரை வைத்தால் இவ்வளவு ஆகும் என்று கூட்டிக் கழித்துப் பார்த்தார்கள். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. துண்டு விழுவதைக் கண்ணால் பார்த்ததால் பலர் தாங்களாகவே தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பயிருக்கு மாறினார்கள். மகாராஷ்டிரத்தின் ஹிவரே பஜார் கிராமத்திலும் ஆண்டுதோறும் ஊரே கூடித் தண்ணீர்க் கணக்குப் பார்த்துத்தான் பயிரை முடிவு செய்கிறார்கள். அளப்பது அறிக்கைக்காக என்று நாங்களும் ஒரு காலத்தில் நினைத்தோம். இப்போது அப்படி நினைக்கவில்லை. அளக்கிற கைதான் முடிவெடுக்கிற கையாகவும் இருக்க வேண்டும்.

மண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சென்ற கூட்டத்தில் இரண்டு கண்ணாடிப் பாத்திரங்களில் தண்ணீர் வைத்து, காய்ந்த மண்கட்டி ஒவ்வொன்றைக் கம்பி வலையில் வைத்து மெல்ல இறக்கினோம். முதல் கட்டி, ஆண்டாண்டாக வெறும் நிலமாகக் கிடக்கும் வயலிலிருந்து வந்தது. தண்ணீர் பட்டதும் புஸ்ஸென்று குமிழி விட்டு, ஒரு நிமிடத்துக்குள் உதிர்ந்து அடியில் சேறாகப் படிந்தது. பாத்திரம் முழுக்கக் கலங்கிவிட்டது. இரண்டாவது, கல்வரப்புக்கு மேல்பக்கம், சருகு மூடாக்குப் போட்டு நான்கு ஆண்டுகளாக மட்கு சேர்ந்த வயலிலிருந்து எடுத்தது. கூட்டம் முடிந்து எல்லோரும் எழும்வரை அது கட்டியாகவே இருந்தது. தண்ணீரும் தெளிவாக இருந்தது. பின்வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். எதுவும் பேசவில்லை. மறுநாள் தன் வயல் மண்ணை ஒரு துணியில் முடிந்து கொண்டுவந்தார்.

இந்தச் சோதனைக்குச் செலவே இல்லை. இருபுறமும் திறந்த தகரக் குழாயை மண்ணில் பதித்து, அளந்து தண்ணீர் ஊற்றி, உள்ளிறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்ப்பதற்கும் பெரிய செலவில்லை. ஆனால் மண்ணிலுள்ள கரிமச்சத்தை ஆய்வகத்தில்தான் பார்க்க முடியும், அதற்குக் கட்டணம் உண்டு. அது மெதுவாக மாறுகிற விஷயம். ஒரே ஆண்டில் கூடிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்புவதற்கில்லை. அதனால் முதல் ஆண்டு ஒருமுறையும் கடைசி ஆண்டு ஒருமுறையும், அதே இடத்தில், அதே ஆழத்தில் எடுப்போம்.

செயற்கைக்கோள் படங்களையும் பயன்படுத்துவோம். அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்கள் 1972 முதல் இருக்கின்றன, இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் வானத்திலிருந்து பார்த்தால் பச்சை எல்லாம் ஒரே பச்சைதான். சீமைக்கருவேலம் மண்டிய தரிசும் மீண்டு வந்த மேய்ச்சல் நிலமும் ஒன்றுபோலத் தெரியலாம். நேரில் நடந்து பார்க்காமல் எதையும் எழுத மாட்டோம். நட்ட கன்றுகளைவிடப் பிழைத்த கன்றுகளைத்தான் எண்ணுவோம்.

எங்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியம் வீடுகளில் கேட்கப்போகும் கேள்விகள். எந்த மாதத்தில் வீட்டுத் தானியம் தீர்ந்தது? தீவனம் இல்லாமல் மாட்டை விற்க நேர்ந்ததா? கடன் வாங்கினார்களா, பிழைப்புத் தேடி யாராவது வெளியூர் போனார்களா? தண்ணீருக்குப் பெண்கள் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள்? நிலமில்லாதவர்களுக்கும் ஆடு மேய்ப்பவர்களுக்கும் இந்த வேலையால் என்ன கிடைத்தது, என்ன போயிற்று? மேட்டில் தடுத்த தண்ணீர் பள்ளத்து ஊருக்குக் குறைந்ததா? நிலம் பச்சையாகி, அதில் கால்வைக்க முடியாமல் ஒரு மேய்ச்சல் குடும்பம் ஊரைவிட்டுப் போயிருந்தால், அதை வெற்றி என்று எழுத எங்கள் மனம் இடம் கொடுக்காது. இவற்றைச் சாதாரண ஆண்டிலேயே கேட்டு எழுதி வைத்தால்தான், வறட்சி வரும்போது யார் தாங்கினார்கள், யார் சாய்ந்தார்கள் என்று ஒப்பிட முடியும்.

உங்கள் பணத்தின் பெரும்பகுதி அளப்பவர்களின் கூலிக்குப் போகும். இதில் எங்களுக்குத் தயக்கமே இல்லை. இலவசமாகச் செய்யச் சொன்னால் விதைப்பு நாளில் விட்டுப்போகும், நடுவில் ஒரு மாதம் விட்டால் கணக்கே பாழ். ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு பெண்ணும் ஓர் இளைஞருமாக இருவர் இருப்பார்கள். தங்கள் ஊர் வேலையைத் தாங்களே புகழ்ந்து எழுதும் ஆசை யாருக்கும் வரும் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை ஊர் மாற்றி அளந்து சரிபார்ப்பார்கள். அப்புறம் மழைமானி, டேப், ஆய்வகக் கட்டணம், போக்குவரத்து. கட்டடம், வண்டி எதுவும் வாங்கப்போவதில்லை. குழுவில் இருப்பவர்கள் யாரும் இதிலிருந்து ஊதியம் எடுப்பதில்லை.

வரவுசெலவு ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாக் கிராமத்திலும் பொது இடத்தில் ஒட்டப்படும், கொடுத்தவர் ஒவ்வொருவருக்கும் அனுப்பப்படும். அளவுகளும் அப்படியே. பலன் தராத வேலை இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுவோம். நாங்களே முன்னின்று கட்டிய தடுப்பணை பயனில்லை என்று தெரிந்தாலும் எழுதுவோம். அடுத்து எங்கே, என்ன செய்யலாம் என்று முடிவெடுக்கக் காத்திருக்கும் மற்ற ஊர்களுக்கு எங்கள் தோல்வியும் உதவும்.

உங்களால் முடிந்த தொகையைக் குழுவின் பொருளாளரிடம் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே தடவையாகக் கொடுப்பதைவிட மூன்று ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் எங்களுக்கு இன்னும் நல்லது, நடுவில் நின்றுபோகாது. பணம்தான் என்றில்லை. எங்கள் கிராமங்களின் பழைய படங்கள், யாராவது பழைய டைரியில் எழுதி வைத்த மழைக் குறிப்பு, மண் ஆய்வில் அனுபவம், கணக்கு எழுதத் தெரிந்த கை, எது இருந்தாலும் சொல்லுங்கள், நாங்களே வந்து வாங்கிக்கொள்கிறோம்.

காலம் குறைவாக இருக்கிறது. கிணறுகள் இப்போது ஆண்டிலேயே மிகக் கீழே இருக்கின்றன. முதல் மழை விழுந்து மட்டம் ஏறுவதற்குள் முதல் அளவை எடுத்தாக வேண்டும். தவறினால் இன்னும் ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும். ஆகவே முழுத்தொகை சேரட்டும் என்று காத்திருக்க மாட்டோம். மழைமானிகளும் டேப்புகளும் வாங்கும் அளவுக்குச் சேர்ந்த அன்றே தொடங்கிவிடுவோம்.

அன்புடன்,
குழு உறுப்பினர்கள்